எல்லைக்குப் போகாத புவனேஸ்வரி

அரியலூரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்க மூன்று வகையினருக்குத்தான் ஊர் அனுமதி கொடுத்திருந்தது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கட்சிப் பதவியில் இருப்பவர்கள், மாலையும் கழுத்துமாகக் காரில் ஊர்வலம் வரும் மாப்பிள்ளைகள். புவனேஸ்வரி இதில் எதிலும் சேர்த்தியில்லை. முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனாலும் கறுப்புக் கண்ணாடி, உதட்டில் சிவப்புச் சாயம், முதுகில் ‘பிரஸ்’ என்று ஃபிளெக்ஸ் கடையில் ஒட்டி வாங்கிய ஜீன்ஸ் மேல்சட்டை. இந்தக் கோலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்தால், கடலை விற்பவர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். கடலை வாங்க வந்தவரும் அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தப் பெண்ணைத்தான் இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் மே மாதம் எங்கள் ஊர் வேற்று நாட்டு உளவாளி என்று கண்டுபிடித்தது.

அவளுடைய அப்பா கொளஞ்சி சுண்ணாம்புக்கல் குவாரியில் லோடு ஏற்றி இடுப்பு போனவர். அம்மா இருசம்மாள் முந்திரி உடைக்கப் போகிறவள். அதற்கு முந்திய தலைமுறை உடையார்பாளையத்துப் பக்கம் பெரிய வீட்டு வயல்களில் நடவு நட்டுக் களை பறித்தது. புவனேஸ்வரி பெரம்பலூரில் கல்லூரிப் படிப்பை முடித்து, அங்கேயே ஒரு லோக்கல் கேபிள் டிவியில் செய்தி வாசித்தாள். செய்தி என்றால் நகைக்கடைத் திறப்பு விழா, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, காணாமல் போன எருமை. எருமைச் செய்தியையும் அவள் டெல்லிச் செய்தி மாதிரிதான் வாசிப்பாள். கேபிள் டிவி மூடப்பட்டபோது பலர் அவள் தையல் கற்றுக்கொள்ளப் போவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் அரியலூரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் ரூம் பிடித்து, ‘களம் 61’ என்று சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கினாள். நம் மாவட்டத்து வண்டிகளின் நம்பர் பிளேட்டில் இருக்கிற அறுபத்தொன்றுதான் அது.

கேமரா பிடிக்க பூவரசன் வந்து சேர்ந்தான். நாற்பது வயதுக்காரன், தொந்தி விழுந்தவன், கல்யாண வீடியோ எடுப்பது அவன் தொழில். முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் அவனுக்குப் பத்திரிகைச் சுதந்திரத்தில் நம்பிக்கை உண்டு. தாலி கட்டும்போது மண்டபத்துக்கு மேலே பறக்கவிட ஒரு ட்ரோனும் வைத்திருந்தான். இருவரும் சேர்ந்து சாக்கடை, சிமெண்ட் லாரி கிளப்பும் தூசி, ரயில்வே கேட் நெரிசல் என்று வீடியோ போட்டார்கள். தூசி வீடியோவுக்கு மட்டும் கொஞ்சம் பெயர் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு அமிர்தலிங்கம் போன் செய்தார்.

அமிர்தலிங்கம் வர்த்தகர் நலச் சங்கத் தலைவர். உடையார்பாளையம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். டிப்பர் லாரிகள் வைத்திருக்கிறார். வரப்போகிற தேர்தலில் ஏதாவது ஒரு கட்சி தன்னை நிறுத்தும் என்று ஆறேழு வருஷமாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருக்கிறார்.

“கொளஞ்சி பொண்ணு தானே நீ? லாரிய எல்லாம் எண்ணிக்கிட்டு நிக்கிறியாமே. பொம்பளப் புள்ளைக்கு வேற சோலி இல்லியா?” என்றார்.

“செய்திதாங்க சார் என் சோலி. உங்க கருத்தையும் சொல்லுங்க, சேர்த்துப் போட்டுடுறேன்” என்றாள் அவள்.

அவர் கருத்து எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அவள் செய்தி போட்டதைவிட, ‘ஐயா’ என்று வரவேண்டிய இடத்தில் ‘சார்’ வந்ததுதான் அவரை நெடுநாள் உறுத்தியது என்று பிறகு சொன்னார்கள்.

மே மாதம் எல்லையில் சண்டை மூண்டது. அதற்கு முந்தின நாளே, எந்தெந்த ஊரில் போர்க்கால ஒத்திகை நடக்கப்போகிறது என்று டிவியில் பட்டியல் ஓடியது. அதில் அரியலூர் இல்லை. பெரம்பலூரும் இல்லைதான், ஆனால் பெரம்பலூர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்தான் அவமானப்பட்டுவிட்டது. சின்னதுரையின் புரோட்டாக் கடையில் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேச்சு நடந்தது.

“இந்தியாவுக்கே சிமெண்டு குடுக்குறோம். பாலம் கட்டுறது, பங்கர் கட்டுறது எல்லாம் நம்ம சிமெண்டு. அவன் மொதல்ல எத அடிப்பான்? நம்மளத்தான் அடிப்பான். இது கூடவா டெல்லிக்குத் தெரியாது?” என்றார் சின்னதுரை.

“அவனுக்காவது தெரிஞ்சிருக்குமா?” என்று ஒருவர் கவலைப்பட்டார்.

எதிரி தங்களை மதிக்கிறானா என்ற ஏக்கத்தோடு ஊர் அன்று உறங்கப் போனது. விடிந்தபோது எல்லா டிவியிலும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட போர்முனையில் நிற்பது போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். சாக்கடை வீடியோவை அன்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று புவனேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

“நாமளும் ஏதாச்சும் பண்ணணும் பூவரசு” என்றாள்.

“நம்மகிட்ட எங்க சண்டை இருக்கு?”

“பள்ளம் இருக்குல்ல.”

அவள் யோசனை ஒன்றும் மோசமில்லை. போர் இங்கே வந்தால் ஜனங்கள் எங்கே போய்ப் பதுங்குவார்கள்? கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளங்கள் அரியலூரைச் சுற்றி எத்தனையோ கிடக்கின்றன. அவை பதுங்குக் குழியாக உதவுமா? இதுதான் அவள் எடுக்க நினைத்த வீடியோ. புதன்கிழமை உச்சி வெயிலில் இருவரும் ரெட்டிபாளையத்தைத் தாண்டி ஒரு பழைய பள்ளத்தில் இறங்கினார்கள். சுற்றிலும் வெள்ளைச் சுவர் மாதிரி பாறை, காலடியில் மாவாகப் பொடி, ஒரு செடிகொடி இல்லை. கொளஞ்சியின் பழைய குவாரி ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு மண்மேட்டில் ஏறி நின்று அவள் பேச ஆரம்பித்தாள்.

முதல் பாதியில் ‘இது ரெட்டிபாளையத்துக்கு அப்பால் உள்ள பழைய கல்லுப்பள்ளம்’ என்று தெளிவாகத்தான் சொன்னாள். இரண்டாவது பாதியில், “நம் வீரர்கள் எந்தச் சூழ்நிலையில் நிற்கிறார்கள் என்பதை இந்த மண்ணில் நிற்கும்போது உணர முடிகிறது” என்று அவள் குரலைத் தாழ்த்திய அதே நேரம், பக்கத்துக் குவாரியில் வெடி வைப்பதற்கான சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் வெடி வெடித்தது. தரை அதிர்ந்தது. வெள்ளைப் புழுதி எழுந்து அவளை மூடியது. குவாரித் தொழிலாளி மகள்தான். ஆனாலும் அனிச்சையாகத் தரையில் உட்கார்ந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டாள். பூவரசன் பயந்துபோய் ஓடினான். ஓடும்போது கேமராவை நிறுத்த மறந்துவிட்டான். படம் ஆடிய ஆட்டத்தில் அது உலகத்தரத்துக்கு வந்துவிட்டது.

முழு வீடியோவை மத்தியானம் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் முதல் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, சங்கும் வெடியும் புழுதியும் உள்ள பகுதியை மட்டும் ‘எல்லையில் குண்டு மழைக்கு நடுவே நம்ம அரியலூர்ப் பொண்ணு’ என்று தலைப்பிட்டு வாட்ஸப்பில் விட்டார். பொழுது சாயும் நேரத்தில் அது இருசம்மாளுடைய போனுக்கே வந்து சேர்ந்தது. அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த மகளிடம் போனை நீட்டினாள்.

“இது யாருடி, உன்னாட்டமே இருக்கு?”

“நான்தாம்மா. மத்தியானம் பள்ளத்துல எடுத்தது.”

“எல்லைன்னுல்ல போட்டுருக்கு.”

“போட்டா போட்டுட்டுப் போறான்.”

இங்கேதான் புவனேஸ்வரி சறுக்கினாள். ‘நான் எல்லைக்குப் போகவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் சேனலில் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். வருஷக்கணக்காகச் சாக்கடை ஓரத்தில் நின்று கத்தியும் திரும்பிப் பார்க்காத ஊர், ‘தாயி, பத்திரமா திரும்பி வா’ என்று எழுதிக்கொண்டிருந்தது. யாருக்குத்தான் அதைக் கலைக்க மனசு வரும்? வியாழக்கிழமை காலையில் அவள் ஒரு பதிவு போட்டாள்: ‘நான் நலமாக இருக்கிறேன். உங்கள் பிரார்த்தனைகளுக்கு நன்றி.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவள் செய்த கெட்டிக்காரத்தனம். வினையும் அதிலிருந்துதான் வந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. ‘எல்லை கண்ட எங்கள் வீரமங்கையே வருக.’ ஹெல்மெட்டோடு புவனேஸ்வரி ஒரு மூலையில் சிறிதாக இருந்தாள். நடுவில் அமிர்தலிங்கம் பெரிதாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு போர் விமானங்கள் பறந்தன. விமானங்களை அவர்தான் அனுப்பிவைத்தார் என்று தோன்றும்படி இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பசித்தது. மாடி ரூமிலேயே எவ்வளவு நேரம் அடைந்து கிடப்பது? சின்னதுரை கடைக்குள் வந்து உட்கார்ந்து, இரண்டு புரோட்டாவும் சால்னாவும் கேட்டாள். சின்னதுரை புரட்டிக்கொண்டிருந்த புரோட்டாவைக் கல்லிலேயே விட்டுவிட்டு வந்தார்.

“எப்பம்மா வந்த?”

“காலைலதாண்ணே வந்தேன்” என்றாள் அவள். வீட்டிலிருந்து ரூமுக்கு வந்ததைத்தான் சொன்னாள்.

கல்லுப்பள்ளத்தைப் பார்த்து எல்லை என்று நம்பிவிட்டோம் என்ற முடிவுக்கு ஊர் அப்போதே வந்திருக்கலாம். அது எளிய முடிவு. ஆனால் அவமானமான முடிவு. தினமும் கண்ணில் படுகிற பள்ளத்தை அடையாளம் தெரியாதவர்கள் என்று ஆகிவிடும். ஃபிளெக்ஸ் வேறு வைத்தாயிற்று. ஆகையால் வேறு முடிவு தேவைப்பட்டது. ‘அரியலூர் விழிப்பு’ என்ற வாட்ஸப் குழுவில் அதைத் தந்தவர் அய்யாக்கண்ணு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு குரல் பதிவில் நிதானமாக நிரூபித்தார்.

“புதன்கிழம எல்லையில இருந்துருக்கு. வெள்ளிக்கிழம இங்க புரோட்டா சாப்புடுது. ரயில்ல அதுக்குள்ள வர முடியாது. வடக்க ஏர்போர்ட்டெல்லாம் மூடிட்டான். அப்ப மிலிட்டரி விமானத்துலதான் வந்துருக்கணும். நம்ம மிலிட்டரி இந்தப் பொண்ண எதுக்கு ஏத்துது? ஏத்தாது. அப்ப ஏத்துனது எந்த மிலிட்டரி? நான் சொல்ல மாட்டேன். நீங்களே போட்டுப் பாருங்க.”

எல்லோரும் போட்டுப் பார்த்தார்கள். விடை ஒன்றாகவே வந்தது.

அதற்குப் பிறகு சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. தூசி வீடியோவில் சிமெண்ட் லாரிகளை எண்ணியது ஏன்? ட்ரோன் எதற்கு? கல்யாண வீடியோக்காரன் ட்ரோன் வைத்திருப்பதை அதுவரை எந்தக் கல்யாண வீட்டாரும் தவறாக நினைத்ததில்லை. அது தங்கள் வீட்டுக்கு மேலேயும் பறந்திருக்கிறதே என்று இப்போது நினைத்துப் பார்த்தார்கள். இத்தனை வயதாகியும் கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை? ‘பண்ணிக்க மாட்டாங்க. ட்ரெயினிங் அப்புடி’ என்று ஒருவர் விளக்கம் எழுதினார். கறுப்புக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கமெண்ட் அகப்பட்டது. தூசி வீடியோவின் கீழே யாரோ அரபி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். குவைத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். “‘நான் பெரம்பலூர் ஆளு, இங்க கல்ஃப்ல டிரைவரா இருக்கேன். அக்கா, எங்க ஊரு ரோட்டையும் வந்து ஒரு வீடியோ போடுங்க’ன்னு எழுதிருக்கான். முதலாளி போன்லேருந்து அடிச்சிருப்பான் போலருக்கு, அதான் எழுத்து இப்புடி” என்றார்.

கூட்டம் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டது.

“ரோட்ட எதுக்கு கேக்குறான்? டாங்கி வரவா?” என்றார் சின்னதுரை.

செல்போன் கடைக்காரர் அன்றே ரூமைக் காலி செய்யச் சொன்னார். புவனேஸ்வரியைப் பெண் கேட்டு வருவதாக இருந்த ஜெயங்கொண்டத்துக் குடும்பம், மாப்பிள்ளைக்குத் திடீரென்று ஜாதகத்தில் ஏதோ கட்டம் சரியில்லை என்று சொல்லி அனுப்பியது. கொளஞ்சி டீ குடிக்கப் போன இடத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். “உன் மவ எந்த நாட்டுக்கு வேல பாக்குது?” என்று கேட்டார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் இருசம்மாள் அவரைக் கேட்டாள்.

“என்னமோ ஒளவாளி ஒளவாளிங்குறானுவளே, அது என்ன வேல?”

“வேற நாட்டுக்காரனுக்கு நம்ம சேதியச் சொல்றது.”

“கவருமெண்டு வேலயா?”

“அந்த நாட்டு கவருமெண்டு.”

“இந்த நாட்டு கவருமெண்டுல ஒரு வேல கெடைக்காம எத்தன பரிச்ச எழுதுச்சு எம் புள்ள” என்றாள்.

புவனேஸ்வரி அம்மா சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முந்தின நாள் ‘தாயி’ என்று எழுதிய அதே ஆட்கள் இன்று எழுதியிருந்ததை அவள் போனில் படித்திருந்தாள். அவற்றை இங்கே எழுத முடியாது. அவள் செய்த வேலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவள் சாதியைப் பற்றி இருந்தது, உடம்பைப் பற்றி இருந்தது. நாட்டுப்பற்று அவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை அமிர்தலிங்கம், அய்யாக்கண்ணு, சின்னதுரை ஆகியோர் தலைமையில் ஒரு கூட்டம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்தது. ஃபிளெக்ஸ் முந்தின நாளே அவிழ்க்கப்பட்டுவிட்டது. அவிழ்த்தவர்கள் அமிர்தலிங்கத்தின் படத்தை மட்டும் பத்திரமாக வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டேஷனில் சத்யப்பிரியா என்ற சப் இன்ஸ்பெக்டர் இருந்தார். நாலு நாளாகத் தூக்கமில்லாதவர். வானத்தில் வெளிச்சம் தெரிகிறது, பால்காரர் புதிதாக இருக்கிறார், பக்கத்து வீட்டு மாடியில் ஆன்டெனா வைத்திருக்கிறார்கள் என்று ஊர் அவரை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தது. புவனேஸ்வரியை வரவழைத்து உட்காரச் சொன்னார். அவள் கறுப்புக் கண்ணாடியோடுதான் வந்திருந்தாள். அன்று அதைப் போட்டது அழுத கண்ணை மறைக்க.

“எல்லைக்குப் போனீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“அப்ப இது எங்க எடுத்தது?”

“ரெட்டிபாளையத்தத் தாண்டி ஒரு பழைய கல்லுப்பள்ளம். முழு வீடியோ பாருங்க, மொதல்லயே சொல்லியிருப்பேன்.”

சத்யப்பிரியா முழு வீடியோவைப் பார்த்தார். ஊரில் அதை முழுசாகப் பார்த்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். பிறகு மனு கொண்டுவந்தவர்களைக் கூப்பிட்டார். “பள்ளமாங்க இது. நம்ம பக்கத்துப் பள்ளம்.”

“அப்புடித்தாங்க சொல்லுவாங்க” என்றார் அய்யாக்கண்ணு. “நான் நாப்பது வருசம் வாத்தியாரா இருந்தவன். கல்லுப்பள்ளம் எனக்குத் தெரியாதா? அந்த வெளிச்சம் நம்ம ஊரு வெளிச்சமே இல்ல.”

“அப்ப போயே பாத்துடலாம். எல்லாரும் வாங்க” என்றார் சத்யப்பிரியா. அவருக்கு இந்த விவகாரத்தை அன்றைக்கே முடித்துவிட்டுத் தூங்க வேண்டும்.

மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு கிளம்பச் சாயங்காலம் ஆகிவிட்டது. போலீஸ் ஜீப் முன்னால் போனது. அதில் புவனேஸ்வரியும் பூவரசனும் இருந்தார்கள். பின்னால் அமிர்தலிங்கத்தின் கார். அதில் மனுதாரர்கள். அரியலூரைச் சுற்றிப் பள்ளத்துக்கா குறைச்சல், எந்தப் பள்ளம் என்று அமிர்தலிங்கம் கேட்டுக்கொள்ளவில்லை. ரெட்டிபாளையம் தாண்டி ஜீப் இடது பக்கம் ஒரு மண்பாதையில் திரும்பியபோதுதான் அவர் முன்னால் குனிந்து பார்த்தார்.

“இங்க எதுக்குப் போறாங்க?” என்றார்.

“பள்ளத்துக்குத்தாங்க” என்றார் சின்னதுரை.

“நேரமாவுதே. இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமே.”

கார் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். அய்யாக்கண்ணு சுற்றிலும் பார்த்தார். வெள்ளைப் பாறைச் சுவர், வெள்ளைப் புழுதி, வீடியோவில் தெரிந்த அதே சரிவு. வெளிச்சமும் நம் ஊர் வெளிச்சம்தான்.

“நீங்க நின்ன எடம் எது?” என்று சத்யப்பிரியா கேட்டார்.

புவனேஸ்வரி கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் நின்று பேசிய மேட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் புதிதாக வெட்டிய சிவப்பு மண் பள்ளம் இருந்தது. அதற்குள் ஒரு பொக்லைன் இயந்திரம் அள்ளிக்கொண்டிருக்க, ஒரு டிப்பர் லாரி நிரம்பிக்கொண்டிருந்தது.

“காணோங்க மேடம். லாரில போயிடுச்சு போலருக்கு” என்றாள்.

டிப்பர் டிரைவர் காரை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தார். போலீஸ் ஜீப் ஒரு மேட்டுக்குப் பின்னால் நின்றதையும், காருக்கு அப்பால் சப் இன்ஸ்பெக்டர் நின்றதையும் அவர் கவனிக்கவில்லை.

“வாங்கய்யா. நீங்களே வந்துட்டீங்களா? டிவி பாக்க ஆபீசருங்க எல்லாரும் உள்ள உக்காந்துருக்க வரைக்கும் நமக்கு நல்லதுங்க. நேத்து விட்ட லோடையும் சேத்து இன்னிக்கே அடிச்சுடுறோம்” என்றார்.

பொக்லைன் இன்னொரு வாளி அள்ளிக் கொட்டியது. அமிர்தலிங்கம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதில் ஏதோ மிக முக்கியமானதைப் படித்தார். அந்த நேரம் பார்த்து நிஜமாகவே அதில் முக்கியமான செய்தி ஒன்று வந்தது. அவர் முகம் தெளிந்தது.

“சண்டைய நிறுத்திட்டாங்களாம். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்களாம். நாட்டுலயே சமாதானம் வந்துருச்சு, இனிமே நாம எதுக்கு இதப் போட்டு வளத்துக்கிட்டு? மனுவ வாபஸ் வாங்கிக்கிறோம் மேடம். கொளஞ்சி பொண்ணு, நம்ம புள்ள” என்றார்.

“அது எல்லையிலங்க. இங்க வேற விவகாரம் இருக்கு” என்றார் சத்யப்பிரியா. டிரைவர் பக்கம் திரும்பினார். “கிராவல் மண்ணு வெட்ட பர்மிட் இருக்கா?”

டிரைவர் அமிர்தலிங்கத்தைப் பார்த்தார். அமிர்தலிங்கம் வானத்தைப் பார்த்தார். அந்த நாலு நாளில் அரியலூரில் எல்லோரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் நடந்தது அதனால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது.

திரும்பும்போது அய்யாக்கண்ணு ஜீப்பின் அருகே வந்து நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று புவனேஸ்வரி நினைத்தாள்.

“நீ அந்தக் கறுப்புக் கண்ணாடிய போடாம இருந்துருந்தா எங்களுக்குச் சந்தேகமே வந்துருக்காதும்மா” என்றார்.

“பள்ளத்த நீங்க ஒரு தடவ நேர்ல பாத்திருந்தாலும் வந்திருக்காதுங்க சார்” என்றாள் அவள்.

அந்த மண் திருட்டு வழக்கு என்ன ஆனது என்று கேட்டால், வழக்கம் போலத்தான். டிப்பர் டிரைவர் மீது வழக்குப் பதிவானது. லாரி கொஞ்ச நாள் நின்று துருப்பிடித்தது. அமிர்தலிங்கம், தன் லாரி தனக்குத் தெரியாமல் அங்கே போயிருக்கிறது என்று வருந்தினார். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஒரு தனியார் பள்ளியில் கொடியேற்றி, தாய்மண்ணைக் காக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

புவனேஸ்வரி அதே பள்ளத்துக்கு மறுபடியும் போய் ஒரு வீடியோ எடுத்தாள். அதே கறுப்புக் கண்ணாடி, அதே உதட்டுச் சாயம். மண் எங்கே வெட்டப்பட்டது, எந்த வழியாகப் போனது, யாருடைய மனைப்பிரிவில் கொட்டப்பட்டது என்று எல்லாவற்றையும் காட்டினாள். வதந்திகளுக்கும் பதில் சொன்னாள். தான் எல்லைக்குப் போகவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னாள். போகாமலே வாழ்த்துகளை வாங்கிக்கொண்டது தன் தப்பு என்றும் சொன்னாள். அந்த வீடியோவைச் சொற்பப் பேர்தான் பார்த்தார்கள். எல்லை வீடியோவைப் பார்த்த கூட்டத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘போன தடவை மாதிரி வெடி இல்லையே.’

சென்னையிலிருந்து ஒரு பெரிய சேனல் அவளைக் கூப்பிட்டது. அவளும் ரயிலேறிப் போனாள். அங்கே ஒருவர் வெட்டப்பட்ட அந்தத் துண்டைத் திரையில் போட்டுக் காட்டி, இதே மாதிரி உணர்ச்சியாகத் தினமும் ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். இது கல்லுப்பள்ளம் என்று அவள் சொன்னாள். “தெரியுங்க, அதனாலதான் கூப்பிட்டோம்” என்றார் அவர். அவள் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள். அந்த வேலையை விட்டுவிட்டு வந்ததற்கு ஊரில் ஒரே ஒரு காரணம்தான் சொல்லப்பட்டது: வேறு இடத்திலிருந்து அவளுக்கு வரும்படி இருக்கிறது.

ஆம், உளவாளி என்ற பெயர் போகவில்லை. மனு வாபஸானது, போலீஸ் விட்டுவிட்டது, பள்ளம் அதே இடத்தில், முன்னைவிட ஆழமாக, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கும்படி இருக்கிறது. ஆனாலும் அவள் கடந்து போனால் ‘ஸ்பை போகுது’ என்கிறார்கள். முதலில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டும். வீட்டுக்குத் திரும்ப வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். செல்போன் கடைக்காரர் ரூமைத் திருப்பித் தரவில்லை. பூவரசன் வீட்டு முன்னறையில்தான் இப்போது சேனல் நடக்கிறது. பூவரசனுக்கும் அடுத்த சில முகூர்த்தங்களில் ட்ரோன் இல்லாமல் வரச்சொன்னார்கள்.

மழைக்காலத்துக்குப் பிறகு ஒருநாள், ஒரு கிராமத்துப் பெண்கள் குடிதண்ணீர் வரவில்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். வெறும் குடங்களின் வரிசையைப் படம் எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனாள். முன்பெல்லாம் அங்கே அவளை உட்காரச் சொல்ல ஆளிருக்காது. அன்று ஒரு அதிகாரி எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

“இத மேல யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா மேடம்?”

மேலே என்றால் எந்த மேலே என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. புவனேஸ்வரி கண்ணாடியைக் கழற்றவில்லை.

“இன்னும் சொல்லலீங்க சார்” என்றாள்.

மறுநாள் காலை அந்தக் கிராமத்தில் தண்ணீர் வந்தது. அவள் அதையும் படம் பிடித்து, ‘களம் 61 செய்தி எதிரொலி’ என்று போட்டாள்.